ஊறாத அரிசி

வெல்டர் செய்துகொடுத்த இரும்புக் கதவுகள் இருபது வருடமாக அசையாமல் நிற்கின்றன. அவர் வீட்டிலோ நாலு காலும் உருப்படியாக உள்ள நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. மூக்குக்கு மேல் கோபம் வரும் மனிதர் என்று தெருவில் நாசூக்காகச் சொல்வார்கள். எனக்கு அந்த நாசூக்கு பிடிக்காது. பட்டறை முதலாளி எப்படிக் கத்தினாலும் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்பவர், வீட்டுக்கு வந்து பெண்டாட்டியை அடித்தார். கோபம் ஆள் பார்த்தா வரும்?

சர்க்கரை ஏறியிருக்கிறது, தீட்டாத அரிசியாகச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அடிக்குப் புதுக் காரணம் கிடைத்தது. தவிடு போகாத சிவப்பரிசி லேசில் வேகாது. நாலைந்து மணி நேரமாவது ஊற வேண்டும். இவரோ நினைத்த நேரத்துக்கு வருவார், வந்த அரை மணியில் தட்டில் சோறு விழ வேண்டும். போன வியாழக்கிழமை மதியம் பருக்கை பல்லில் நறுக்கென்றது. தட்டு பறந்தது. பின்னாலேயே குழம்புச் சட்டியும் போனது. தடுக்க வந்த மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது.

அவள் கட்டுப் போட்ட கையோடு அடுத்த தெருவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து வயது மகள் மட்டும் கூடப் போகவில்லை. அப்பா பாவம், தனியாக இருப்பாரே என்றதாம் அந்தப் பிள்ளை. மகளை அவர் அதுவரை ஒரு அடி அடித்ததில்லை. அவள் மேல் கை பட்டால் அன்றைக்கே கூட்டிக்கொள்வேன், அப்புறம் பிள்ளை முகத்திலேயே விழிக்க முடியாது என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

இரண்டு நாள் கடைப் பொட்டலத்தில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மதியம், நானே பொங்கிப் போடுகிறேன், இதென்ன பெரிய வித்தையா என்று வெல்டர் அடுப்படியில் இறங்கினார். அரிசியைக் கழுவியதும் நேராக உலையில் போட்டார். நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து கிண்டினார். தண்ணீர் சுண்டச் சுண்டப் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பருக்கை விறைத்துக்கொண்டுதான் கிடந்தது.

பசியில் சுருண்டிருந்த மகள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா காலையிலேயே ஊறப் போட்டுடுவாங்கப்பா. நீங்க வேலைக்குப் போகும்போது, இன்னைக்குச் சோறு வேண்டாம்னு சொல்லிட்டு, திடீர்னு வந்து கேட்கிற அன்னைக்குத்தான் வேகாது."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தப்பு யாருடையது என்று புரிந்துவிட்டது. புரிந்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை. மூடியைச் சுவரில் அடித்தார். தண்ணீர்க் குடத்தை எட்டி உதைத்தார். மகள் எழுந்துபோய் சன்னலைச் சாத்தினாள்.

"எதுக்குச் சாத்துற?"

"நீங்க அடிக்கப் போறீங்கல்லப்பா. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதுன்னு அம்மா சாத்துவாங்க."

அந்த இடத்தில் ஓங்கிய கை நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. கரண்டியோடு இறங்கியது. புருவம் கிழிந்து ரத்தம் கன்னத்தில் வழிந்தது. மகள் அழவில்லை. பாவாடை நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து பெரியம்மா வீட்டுப் பக்கம் நடந்தாள். வெல்டர் வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. இனி வரமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. கால் மணி நேரம் கழித்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். வெந்திருந்தது.