மார்கழிப் பனியில் முதல் பஸ்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு மில்லில் நூல் சுற்றும் வேலை பார்த்தேன். தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து இருட்டோடு கிளம்பும் முதல் டவுன் பஸ்ஸில் போவோம். மார்கழியிலும் தையிலும் மலையிலிருந்து பனி இறங்கி ரோட்டை மூடிவிடும். எங்களில் ஒருத்தியிடமும் ஸ்வெட்டர் கிடையாது. வீட்டுக்காரரின் துண்டைத் தலையோடு சுற்றி, காதில் மில் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்போம். குளிர் என்று யாரும் லீவு போட்டதில்லை. அதில் எங்களுக்கு ஒரு மிடுக்கு.

ஒரு நாள் பனி மிகவும் அதிகம். கைப்பிடிச் சுவர் இல்லாத சின்னப் பாலத்துக்கு முன்னால் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். விளக்குப் போட்டால் எதிரே வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

“ஒண்ணும் தெரியலீங்க அம்மணி. வெயில் வரட்டும், போலாம்.”

“வெயில் வாரதுக்குள்ள மில்லுக் கேட்டைச் சாத்திப்போடுவாங்கண்ணா” என்றாள் ஒருத்தி.

என் பக்கத்து மிஷினில் வேலை செய்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த மாதம் இரண்டு நாள் பிந்தியிருந்தாள். இன்னொரு தடவை பிந்தினால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் நாலு பேர் சாப்பிட்டார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அத்தனை வருஷத்தில் அந்த டிரைவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு எழுந்து, “நாங்க முன்னால நடக்கறமுங்க, பின்னாலயே வாங்க” என்றேன்.

அவளும் என்னோடு இறங்கினாள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தார் எது, ஓரத்து மண் எது என்று வெறுங்காலுக்குத் தெரியும். நான் ஒரு ஓரம், அவள் மறு ஓரம். கண்டக்டர் பின்னால் வரும் வண்டிகளுக்கு விசில் ஊதிக்கொண்டு வந்தார்.

“வாங்க... வாங்க...” என்றேன்.

“கேக்கலீங்க அம்மணி, சத்தமாச் சொல்லுங்க.”

வீட்டில் என் குரல் அடுப்படியைத் தாண்டாது. அன்று கத்தினேன். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருத்தி, “அக்கா, முன்னால யானை நின்னா அதையும் ஓரமா நிக்கச் சொல்லுங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது, சிரிப்பு மட்டும் வந்தது.

பாலம் தாண்டி, வீடுகள் வரும்வரை அப்படியே நடந்தோம். பனி கொஞ்சம் விலகியதும் ஏறிக்கொண்டோம். டிரைவர் எங்களை ஸ்டாப்பில் இறக்கவில்லை, மில் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். வேலை தொடங்கும் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. எல்லோரும் வழிவிட்டு அவளை முதலில் இறக்கினோம்.

“பனியில எப்படி வந்தீங்க?” என்று வாட்ச்மேன் கேட்டார்.

“நடந்துதானுங்க, பஸ்ஸையும் கூட்டிக்கிட்டு” என்றாள் அவள்.

அன்று மேஸ்திரி அவளை ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் அவள் பல வருஷம் என் பக்கத்து மிஷினில்தான் நின்றாள்.

அந்தப் பாலம் வடவள்ளிக்கு முன்னாலா, பின்னாலா என்பது இப்போது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. மாதம் தையாகவும் இருக்கலாம். அந்த பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சரிபார்த்துச் சொல்லுங்கள். அவள் நேரத்துக்கு உள்ளே போனாள் என்பதை மட்டும் யாரும் திருத்த வேண்டியதில்லை.