முப்பது கிலோமீட்டரின் மீது ஓர் ஐயம்

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் வசிக்கும் எடை அளவு ஆய்வாளரைக் கடைத்தெருவில் முள்ளம்மா என்றே குறிப்பிடுவார்கள். தராசின் முள் நடுவில் நிற்கும்வரை அவர் இமைப்பதில்லை என்பதால் வந்த பெயர் அது. கடைக்காரர் சிரித்து வரவேற்றால், தட்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். சிரிக்காவிட்டால், எடைக்கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார்.

ஐம்பதை நெருங்கும் வயதில் அவருக்கு மாரத்தான் ஓடும் ஆசை பிறந்தது. பந்தயத்துக்குப் பெயர் கொடுக்குமுன் முப்பது கிலோமீட்டர் பயிற்சி ஓட்டம் ஒன்றை முழுமையாக முடிக்க வேண்டும் என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். முதல் முயற்சியில் இளைஞர் கூட்டம் ஒன்றோடு பாய்ந்து புறப்பட்டவர், பாதித் தூரத்தைத் தாண்டியதும் பாலத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வழியே வந்த காய்கறி வண்டிக்காரர், முன்பு அவரிடம் அபராதம் கட்டியவர், வண்டியை நிறுத்தி, "ஏறுங்கம்மா, எடை போடாமலே ஏத்திக்கிறேன்" என்றார். அந்தப் பேச்சு மறுநாளே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

பதிவுக்குக் கடைசி நாளான ஞாயிறன்று இரண்டாம் முயற்சி. அதிலும் தோற்றால் ஓட்டக் காலணிகளை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு மாரத்தான் பேச்சையே விட்டுவிடுவது என்பது முடிவு. நாத்தனாரோ, ஓடிப்போய் வீட்டுக்கே திரும்புவதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று அண்ணியை முந்தைய இரவே சீண்டியிருந்தார்.

இம்முறை கணவர் சைக்கிளில் முன்னே செல்வதாக ஏற்பாடு. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். கால்வாய்க் கரையில் தொடங்கி, கிடங்குகளைச் சுற்றி, ரயில் பாதையை ஒட்டி வீடு திரும்பும் வட்டப் பாதையை அவரே தேர்ந்து, சைக்கிள் மீட்டரால் அவரே அளந்தும் வைத்திருந்தார். பாதையும் அவருடையது, அளவும் அவருடையது, மீட்டரும் அவருடையது. ஒரு கடையில் இம்மூன்றும் ஒருவர் கையில் இருந்தால் முள்ளம்மா அந்தக் கடையை முத்திரையிட்டுப் பூட்டியிருப்பார். போதாக்குறைக்குப் புறப்படும்போது, வியர்வையில் வார் இற்றுவிடும் என்று சொல்லி மனைவியின் கைக்கடிகாரத்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

பாலத்தடி வந்தது. கால்கள் கல்லாகும் என்று முள்ளம்மா காத்திருந்தார், ஆகவில்லை. கிடங்குகள் வந்தன. மூச்சு வாங்கும் என்று எதிர்பார்த்தார், வாங்கவில்லை. நிம்மதி வரவேண்டிய இடத்தில் கலக்கம் வந்தது. அவர் பார்வை கணவரின் முதுகைவிட்டு அகலவில்லை. அந்த முதுகு எதையோ மறைப்பதாகவே பட்டது. ரயில் பாதையருகே கணவர் சீட்டியடித்தது ஐயத்தை உறுதிப்படுத்தியது. வீட்டு வாசலில் நின்றபோது, தெருமுனை வரை இன்னொருமுறை போய்வரும் தெம்பு மிச்சமிருந்தது. சுவர்க் கடிகாரம் எதிர்பார்த்ததைவிடச் சற்றே கூடுதல் நேரம் காட்டியது. அதை யாராவது தள்ளி வைத்திருக்கக்கூடும் என்று அவர் எண்ணினார்.

பொய்யான முப்பதை நம்பிப் பந்தயக் கோட்டில் போய் நிற்பது அவரால் ஆகாது. பிறருடைய கள்ளத் தராசுகளைப் பிடித்தே நரைத்த தலை அது. தராசின் மேல் ஐயம் வந்தால் தட்டுகளை மாற்றி மறுபடி நிறுப்பதே அவரது தொழில்முறை. ஆகவே தண்ணீர் குடித்துவிட்டுக் கணவரின் சைக்கிளை எடுத்தார். முதலில் விளையாட்டு மைதானத்துக்குப் போய், நீளம் எழுதி வைத்திருந்த ஓட்டப்பாதையில் ஒரு சுற்று ஓட்டி மீட்டரைச் சோதித்தார். பிறகு வீட்டுக்கு வந்து மீட்டரைச் சுழியில் வைத்து, ரயில் பாதையில் தொடங்கி, கிடங்குகள் வழியாகக் கால்வாய்க்கு, அதே வழியை எதிர்த்திசையில் அளந்தார். கணவர் குறுக்கே நழுவியிருக்கக்கூடிய சந்துகளிலெல்லாம் இறங்கி நின்று, காலையில் அந்தப் பக்கம் திரும்பினோமா என்று நினைத்துப் பார்த்தார். எங்கும் திரும்பியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், மீட்டர் முப்பதுக்குச் சற்று மேலேயே காட்டியது.

கணவர் வாசற்படியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். முள்ளம்மா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"தூரம் சரியா இருக்கு. அப்ப எதுலங்க கை வச்சீங்க?"

"தூரத்துல வச்சா நீ கண்டுபிடிச்சிடுவன்னு தெரியாதா எனக்கு? வேகத்துல வச்சேன். முன்பாதி முழுக்க உன்னை ஓடவே விடல. சின்னப் பிள்ளைங்க ஏறின வண்டி மாதிரி உருட்டிக்கிட்டே போனேன். பின்பாதியிலதான் மிதிச்சேன். போன தடவை நீ தொடக்கத்துலயே எல்லாத்தையும் கொட்டிட்ட."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, ஏன் மெதுவாப் போறீங்கன்னு வழி நெடுக விசாரணை வச்சிருப்ப. கடிகாரம் இருந்தா அதைப் பார்த்துப் பார்த்தே பறந்திருப்ப."

முள்ளம்மா அந்தப் பதிலையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். உள்ளிருந்து நாத்தனாரின் குரல் வந்தது:

"அண்ணி, முப்பது கிலோமீட்டர் ஓடிட்டு, அதே முப்பதை சைக்கிள்ல வேற சுத்திட்டு வந்திருக்கீங்க. இன்னும் யாரைப் பிடிக்கணும்? எனக்கு அந்த ஷூ கிடைக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு."

அப்போதுதான் முள்ளம்மா தம் கால்களைக் குனிந்து பார்த்தார். அவை நடுங்கவில்லை.

மாலை வெயில் சரியுமுன் கைபேசியில் பதிவுப் பக்கத்தைத் திறந்தார். பந்தயத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. முன்பாதியைத் தாமே அடக்கி ஓட வேண்டும். அந்த வேகம் காலில் படியும்வரை நாள்தோறும் மைதானத்துக்கு வரவேண்டும் என்று கணவருக்கு உத்தரவிட்டார். அவர் தலையசைத்துவிட்டு, இப்போதாவது நம்பிக்கை வந்ததா என்று கேட்டார்.

"தூரத்தை நம்புறேன். உங்களைப் பத்தி அப்புறம் பார்க்கலாம்" என்று கூறி, முள்ளம்மா பொத்தானை அழுத்தினார்.