புதுச் சொம்பு

கச்சிராயபாளையம் பஸ்ஸில் போகையில் கரும்புச் சோகை எரியும் வாடை அடித்தால், இன்றும் என் உள்ளங்கைகள் தாமாகவே குவிந்துகொள்கின்றன, சனியன். கரும்பு வெட்டும் அம்மாவோடு நானும் அப்படித்தான் நிற்பேன். நிலக்காரர் சொம்பு எங்கள்மேல் படாமல் உயரத் தூக்கி ஊற்றுவார், பாதித் தண்ணீர் முழங்கை வழியாக மண்ணுக்குப் போகும். இடஒதுக்கீட்டில் தன் சாதிக்குப் பங்கு கேட்டு அவரே சாலையில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்த வருடம், சொம்பைக் கையில் கொடுத்தால்தான் வெட்டுவோமென்று அம்மாவும் மற்றவர்களும் வேலையை நிறுத்தினார்கள். நாங்கள் பட்டினி கிடந்தோம், கரும்பு காய்ந்தது, கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

வேப்பமரத்தில் பளபளவென்று ஒரு சொம்பு தொங்கியது. "உங்களுக்குன்னே புச்சா வாங்கியாந்தேன், குடிங்க" என்றார்.

அம்மா அதைத் தொடவில்லை. "ஏங்க, உங்க சொம்புக்கு இன்னா ஆச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

அவருக்குக் கேள்வியே புரியவில்லை.