கல்லுக்கு மட்டும் சொன்ன விலை

வெட்கத்தில் இதை எழுதாமல் சில வருசம் தள்ளிப்போட்டேன். எங்கள் வீட்டு உப்புத்தண்ணி மீன்தொட்டியில் மெத்தென்ற பவளம் ஒன்று குடைபோல விரிந்து, கீழிருந்த சின்னப் பவளங்களுக்கு வெளிச்சத்தை மறைத்தது. செடியென்று நினைத்து, விரத வெள்ளிகளில் அதன் நுனியை நறுக்கிவிடுவேன்.

கடைசியில் அதை விற்க முடிவெடுத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை வவுனியாவிலிருந்து வாங்க வந்தவர், அடியோடு வெட்டக் கத்தியை எடுத்தார். "செடியை வேரோட பிடுங்கலாமே?" என்றேன்.

"அண்ணை, இது செடியில்லை, உயிர்ப்பிராணி. வெட்டினாலும் தழைக்கும்," என்றார்.

மனைவி சிரித்தா. "மச்சம் மாமிசம் தொடாத விரதகாரர் வெள்ளிக்கு வெள்ளி உயிரை நறுக்கியிருக்கிறார்!"

"இண்டைக்கு வெட்டவேண்டாம். அது ஒட்டியிருக்கிற கல்லோட கொண்டுபோங்கோ," என்றேன்.

"விலை?" என்றார் வாங்க வந்தவர்.

"கல்லுக்கு மட்டும் தாங்கோ. உயிருக்கு நான் விலை சொல்லமாட்டன்."

முருகா என்று நானும் அவருமாகப் பக்குவமாய்த் தூக்கினோம். சின்னப் பவளங்களில் வெளிச்சம் விழுந்தது. எனக்கும் மனம் ஆறியது.

இதை யாருக்காவது சொன்னால், என் பிழையை மறைக்காமல் உள்ளபடியே சொல்லுங்கோ.