சித்தப்பா பார்த்த கிணறுகள்

கதாநாயகி கிணற்றை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறாள். கூந்தல் அவிழ்ந்து தோளில் புரள்கிறது. பின்னாலிருந்து கைக்குழந்தையின் அழுகை கேட்கிறது. பதுளைச் சினிமாக் கொட்டகையில் பெஞ்சு வரிசைப் பெண்கள் எல்லாரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்முகிறார்கள். தகரக் கூரையில் மழை வேறு கொட்டியதால் வசனத்தில் பாதி காதில் விழவில்லை. விழாத பாதிக்கும் சேர்த்தே அழுதோம். அவள் கிணற்றுச் சுவரில் ஏறிக் குனிந்து பார்த்த நொடியில், பக்கத்திலிருந்த சித்தப்பா என் முழங்கையை இடித்தார். "தண்ணி எம்புட்டு மேல நிக்குது பாத்தியா தாயி! கைய விட்டு மோந்துக்கலாம் போல." முன் வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, "யோவ், ஒரு பொம்பள சாகப் போறா, நீ தண்ணி அளக்கிறியா?" என்று சத்தம் போட்டார். எனக்கு மானம் போயிற்று. அவள் குதித்தாளா, யாராவது ஓடிவந்து பிடித்தார்களா என்பது இன்று சுத்தமாக நினைவில்லை. அந்தக் கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

சித்தப்பா என் அப்பாவின் ஒரே தம்பி. இலங்கை மலையகத்தில், மடுல்சீமைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்தை வாடப்போடுகிற வேலை அவருக்கு. நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்த காலம். சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் லொறி பிடித்துப் பசறைக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறிப் பதுளைக்குப் படம் பார்க்கப் போவோம். சித்தப்பா, சித்தி, அவர்களுடைய ஒரே மகளான என் தங்கச்சி, துணைக்கு நான். திரும்பி வரும் வழியெல்லாம் நான் காதலைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் பேசுவேன். சித்தப்பாவின் அபிப்பிராயம் வேறு மாதிரி இருக்கும். புராணப் படம் அவருக்கு ஆகாது; "முழுக்க மேகமும் புகையுமா இருக்கு, ஊரே தெரியல" என்பார். ராஜா கதையென்றால் அரண்மனைச் சுவர் மறைக்கிறது என்று குறை. வயல் வரப்பில் ஒரு பாட்டு வந்துவிட்டால் போதும், அந்தப் படம் நல்ல படம். பாடுகிறவர்களை அவர் பார்க்கவே மாட்டார். அவர்களுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறதா, வாழை தளதளவென்று நிற்கிறதா, மாடு கொழுத்திருக்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். அந்தக் கிறுக்கு எனக்கும் ஒட்டிக்கொண்டது. இன்று பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் எந்தப் படம் போட்டாலும் என் கண் பின்னால் இருக்கிற ஊருக்குத்தான் போகிறது.

அவர் படம் பார்க்கவில்லை, ஊர் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நாற்பத்தெட்டில் வந்த சட்டம் தோட்டத்துத் தமிழர்களான எங்களை ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கிவிட்டிருந்தது. இலங்கைக் குடியுரிமை கேட்டு எல்லாரும் மனுப் போட்டார்கள், சித்தப்பாவும் போட்டார். இடையில் கொஞ்ச காலம் அவர் இலங்கையில் இருந்ததற்குச் சான்று இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அந்தக் கொஞ்ச காலமும் அவர் பக்கத்துத் தோட்டத்தில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கான் இன்றும் இருக்கும். அதை யார் சாட்சிக்குக் கூப்பிடுவது? அன்றிலிருந்து அவருக்கு ஒரே எண்ணந்தான். "எம் புள்ளைய 'போ'ன்னு யாரும் சொல்லாத எடத்துல கொண்டுபோய் வைக்கணும்." அப்படி ஓர் இடம் கடலுக்கு அப்பால் புதுக்கோட்டைப் பக்கம், தாத்தா பிறந்த கிராமம். ஆனால் அந்தத் தாத்தா பஞ்சத்தில் தொண்டை காய்ந்து கப்பலேறி வந்தவர். தண்ணீர் இல்லாத ஊரைப் பற்றி அவர் சொன்ன கதைகளைக் கேட்டே அப்பாவும் சித்தப்பாவும் வளர்ந்தார்கள். இப்போது அங்கே தண்ணீர் வந்துவிட்டதா? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் சித்தப்பா மலையிறங்கிப் பதுளைக் கொட்டகைக்குப் போய்வந்தார். இந்தியாவைக் கண்ணால் பார்க்க எங்களுக்கு வேறு வழி என்ன இருந்தது?

கடைசியில், போவதா வேண்டாமா என்று, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து அறையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து வாக்குவாதமாயிற்று. வெளியே வழக்கம்போல் மழை. அப்பா, "அட மடையா, படம் புடிக்கிறவன் காஞ்ச கெணத்தையா தேடிப் புடிப்பான்?" என்றார். சித்தப்பா அசரவில்லை. "மனுசன் நடிப்பான் அண்ணே, ஒத்துக்கிறேன். தென்னமரம் நடிக்குமா?" அப்பா அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். படக்காரர்கள் மரத்தையும் கொண்டுவந்து நடுவார்கள், தொட்டி கட்டிக் கிணறு என்பார்கள் என்று எங்களில் யார் கண்டது? அடுத்ததாக அவர் புழுதியைப் பற்றிப் பேசினார். படத்தில் மாட்டுவண்டி போகும்போது பின்னால் புழுதி எழும்புமே, அதை அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். "அங்க பாதையெல்லாம் எப்பிடிக் காஞ்சு கெடக்கு! சேறு இல்ல, அட்டக்கடி இல்ல. எம் புள்ள கால் நனையாம பள்ளிக்கூடம் போகும்." வருடம் முழுக்க நனைந்து, சேற்றுப்புண்ணோடு அலைகிற எங்களுக்குப் புழுதி ஒரு சுகமாகத்தான் தெரிந்தது. அப்பாகூடத் தலையாட்டினார்.

சித்தி மட்டும், "எனக்கு அந்த ஊரு வேணாங்க" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "எந்தப் படத்துல பாத்தாலும் அங்க எல்லாரும் அழுதுகிட்டேல்ல இருக்காங்க" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாதிப் படத்தில் தூங்கிவிடுகிறவள் அபிப்பிராயம் சொல்ல வந்துவிட்டாள் என்று சித்தப்பா கேலி செய்தார். அவள் கோபித்துக்கொண்டு மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஐம்பதுகளின் கடைசியில் அவர்கள் பதுளை ஸ்டேஷனில் ரயிலேறினார்கள். தங்கச்சிக்குப் புதுச் சட்டை. மூக்கு ஒழுக, ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "அக்கா, நான் கெணத்துல தண்ணி எறைப்பேனே!" என்று கத்தினாள். அவள் கிணறு என்று ஒன்றைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள். எங்கள் தோட்டத்தில் கிணறு தேவைப்பட்டதில்லை. பாறையிலிருந்து மூங்கில் வைத்துத் திருப்பிய பீலியில் தண்ணீர் சதா கொட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த கோடையில் செய்தி வந்தது, தங்கச்சி போய்விட்டாள் என்று. அப்பா அன்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். அதற்குப் பிறகு அவருக்கு உடம்பு தேறவே இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், "நான் இருக்கும்போதே ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வா" என்று என்னைக் கப்பலேற்றி அனுப்பினார்.

தாத்தாவின் ஊருக்கு வெளியே ஒரு கீற்றுக் குடிசையில் இருந்தார்கள். சித்தப்பா ரோட்டுக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மாலையில் சித்தியோடு தண்ணீருக்குப் போனேன். காய்ந்த ஆற்றில் மணலைத் தோண்டி, ஊறி வருவதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல், அவள் சொன்னாள். "அன்னைக்கு இந்த ஊத்தும் வரல. நான் வர்றதுக்குள்ள புள்ள தாகம் பொறுக்காம, மாடு எறங்கிக் கலக்கின ஊருணித் தண்ணிய குடிச்சிருச்சு. ஊர்ப் புள்ளைக யாரும் அதத் தொடாது. இதுக்குத் தெரியல. மலையில எந்தத் தண்ணிய அள்ளினாலும் குடிக்கலாம்ல, அந்த நெனப்பு. ரெண்டு நாள் வயித்தால போச்சு, அவ்வளவுதான்." எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் கண்டு பயப்பட யாரும் சொல்லித்தந்ததில்லை. அந்தப் பயத்தைச் சொல்லித்தர வேண்டும் என்று எங்களுக்கே தெரியாது.

மறுநாள் காலை சித்தப்பா என்னைப் பிடிவாதமாக டீக்கடைக்குக் கூட்டிப்போனார். சினிமாவில் ஊரைப் பார்த்துவிட்டு வந்தவர் என்பது எப்படியோ தெரிந்து, இலங்கையிலிருந்து திரும்பியவர்களைக் கண்டிக்காரர் என்கிற அந்த ஊரில் அவருக்கு 'சினிமாக் கண்டிக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. மலையில் தண்ணீர் கொட்டும் என்று அவர் சொன்னதை அங்கே யாரும் நம்பாததுதான் அவர் மனதில் இருந்தது. என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, "இதான் எங்கண்ணன் மக. டீச்சரு. பொய் சொல்லாது. இப்பக் கேளுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லு தாயி. நம்ம பீலித் தண்ணி ராத்திரி பகலா கொட்டுமா, கொட்டாதா?" குரல் கெஞ்சியது. மகளை அவர் எந்த இடத்திலிருந்து பிடுங்கி வந்தார் என்பதை ஒருவராவது நம்ப வேண்டும் என்று அவர் தவித்தது எனக்குப் புரிந்தது. அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலிலேயே தண்ணீர் கொட்டும், அதை மூட ஆளும் இல்லை, மூடியும் இல்லை. மழை விடாமல் பெய்தால் அந்தச் சத்தத்தில் தூக்கம் கெட்டுத் தண்ணீரைத் திட்டுவோம். பிள்ளைகள் குடித்ததுபோக, கால் கழுவியதுபோக, மிச்சமெல்லாம் யாருக்கும் வேண்டாமல் பள்ளத்தில் ஓடிப்போகும்.

அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். கல்மிஷம் இல்லாத முகத்தோடு இருந்த ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார். "ஏம்மா, நீயும் இவரோட சேந்து அதே படத்தத்தான் பாத்தியா?"

கடையே சிரித்தது. சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.