மனேஜர் அக்காவின் இறுவட்டு

மனேஜர் அக்காவின் மேசையில் ஒரு நீல பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே பிஸ்கட் அல்ல, சீடி என்கிற இறுவட்டுகள். மாம்புரிக் கரையின் மீனவர் சங்கத்தில் நான் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தபோதே பழைய பதிவேடுகளில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மிச்சத்தை, வள்ளம், இஞ்சின் இலக்கம், சொந்தக்காரர் என்று கணினியில் ஏற்றினோம். வெள்ளிக்கிழமை தோறும் திரையில் பதிவேட்டுக்கென்று இருந்த குட்டிப் படத்தை இழுத்து இறுவட்டில் பதிந்து டின்னில் போடுவேன். எங்கள் கணினியில் போட்டுப் பார்த்தால் எல்லாம் திறக்கும். இரண்டு நிமிட வேலை. அந்தக் கெட்டித்தனத்தில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

பருவம் தொடங்கமுன் வலையையும் துடுப்பையும் அந்தோனியார் காலடியில் வைத்துப் பங்குச் சுவாமி மந்திரிப்பது எங்கள் வழக்கம். அந்த வருடம் பதிவேட்டையும் வைக்கவேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. தானே கணினியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, ஒவ்வொன்றாக இறுவட்டில் சேமித்தார். பின்னேரம் முழுக்கப் போயிற்று.

"ஒரே இழுவையில முடியிற வேலை அக்கா" என்றேன்.

"நீ உன்ர வேலையப் பார். சாமிக்கு முன்னால வைக்கிறத நான் கண்ணால பாத்துத்தான் வைப்பன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மந்திரித்த இறுவட்டு அக்கா வீட்டு அலுமாரிக்குப் போனது.

சில கிழமைகள் கழித்து இடி விழுந்து சங்கத்துக் கணினி கருகியது. அதே வாரம் அப்பாவின் தம்பி, என் சின்னையாவின் வள்ளத்தை யாரோ களவெடுத்துப் போனார்கள். அந்த வள்ளம்தான் அந்த வீட்டின் சோறு. தெற்கே ஒரு இறங்குதுறையில், புதுப் பெயின்ற் பூசிய கோலத்தில் அது அகப்பட்டது. வைத்திருந்தவனோ தன்னுடையது என்று சாதித்தான். இஞ்சின் இலக்கத்துக்கு அத்தாட்சி கேட்டது பொலிஸ். சின்னையாவின் பத்திரங்கள் வள்ளத்துப் பெட்டியோடு போய்விட்டன.

டின்னைத் தூக்கிக்கொண்டு கற்பிட்டியில் ஒரு முஸ்லிம் நானாவின் கணினிக் கடைக்கு ஓடினோம். அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கடைசி இறுவட்டும் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இதெல்லாம் வெறும் விலாசம். ஊட்டக் காணல்ல."

இத்தனை வெள்ளிக்கிழமையும் நான் பதிந்தது பதிவேட்டை அல்ல, அது கணினியில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை மட்டுமே! வாசலில் நின்ற சின்னையாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. செத்துப்போகலாம் போலிருந்தது.

அக்கா ஏசவில்லை. ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்த் தன் இறுவட்டோடு வந்தார். நானா அதைப் போட்டதும் பக்கம் பக்கமாக விரிந்தது. முழுச் சங்கமும் அதில் இருந்தது! சின்னையாவின் பெயருக்கு நேரே இலக்கம். நான் கடையென்றும் பாராமல் சத்தம் போட்டு அழுதேன்.

துறையில் பொலிஸ்காரர் இஞ்சினின் பெயின்ற்றைச் சுரண்டி ஒவ்வோர் இலக்கமாக வாசிக்க, அக்கா நானா அச்சடித்துத் தந்த கடதாசியில் சரி போட்டார். கடைசி இலக்கமும் பொருந்தியபோது, "என்ர அந்தோனியாரே!" என்று அவர் கத்திய கத்தலில் கரையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பியது. களவெடுத்தவன் நிலத்தைப் பார்த்தான். சின்னையா இஞ்சினைக் கட்டிப்பிடித்து விம்மினார்.

இன்று அக்காவின் மனேஜர் கதிரையில் நான் இருக்கிறேன். பதிவேடு தானாகவே இணையத்தில் ஏறிவிடுகிறது. இருந்தாலும் வேறொரு கணினியில் திறந்து பார்க்காமல் நான் வீட்டுக்குப் போவதில்லை. எங்கள் கரையில் வள்ளங்களுக்குப் புனிதர்களின் பெயர்தான் வைப்பார்கள். சின்னையா மட்டும் தன் வள்ளத்தில் பெரிய எழுத்தில் 'மனேஜர் அக்கா' என்று எழுதிவிட்டார்.

"புனிதராகிறதுக்கு நான் முதல்ல சாகோணுமே தம்பி!" என்று அக்கா அன்றைக்கு ஏசினார். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். காலையில் அந்த வள்ளம் கரைதட்டும்போது மீன் வாங்கக் கூடையோடு முதல் ஆளாக நிற்பார்.

"என்ர பேரில ஓடுற வள்ளம், எனக்கே விலை சொல்லுறியோ?"