அத்தான் தெரிவு செய்த துவக்கு

அந்த இரும்பு அலுமாரியின் கதவில் அக்கா வைத்த சந்தனப் பொட்டு இன்னும் இருக்கிறது. நிறம் போய், ஓரம் உதிர்ந்து, கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். நோர்வேயில், புருசெத்தில் அக்கா குடும்பத்தின் நாலாம் மாடி வீட்டுப் படுக்கையறையில் நிற்கிறது அது. ஆளுயரம், சாம்பல் நிறம், கதவில் எண்களை அழுத்தித் திறக்கும் தட்டு. துவக்கு, அதாவது துப்பாக்கி, வைப்பதற்கென்றே செய்த அலுமாரி. புதுக் கார் வந்தாலும் புதுக் குளிர்ப்பெட்டி வந்தாலும் செய்வது போல, அது வந்து இறங்கிய அன்றும் அக்கா சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழமும் வெட்டிவிட்டாள். "என்னப்பா, ஆக்கள் கண்டால் சிரிப்பினம்" என்றார் அத்தான். ஆனால் அவரும் அதைத் துடைக்கவில்லை.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். அமைதியாக உட்காரத் தெரியாத மனிதர். சாப்பாட்டு மேசையில் இருந்தால் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். தேத்தண்ணிக் கோப்பைகள் கிலுகிலுக்கும். "அத்தான், காலை நிப்பாட்டுங்கோ, எனக்குத் தலை சுத்துது" என்று நான் எத்தனை தரம் கத்தியிருப்பேன்! நிறுத்துவார். நான் அடுத்த வாய் எடுப்பதற்குள் மறுபடி ஆடும். ஊரில் சோதனைச் சாவடிகளில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற காலத்திலிருந்தே அப்படித்தான் என்று அக்கா சொல்வாள். அப்படிப்பட்டவர் ஐம்பது வயது கடந்தபிறகு, கிடங்கில் கூட வேலை செய்த ஒரு நோர்வேஜியருடன் துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போகத் தொடங்கினார். வீட்டில் பூகம்பம். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இவர் இஞ்சை வந்து காசு குடுத்து வாங்கப் போறாராம்!" என்று அக்கா என்னிடம் தொலைபேசியில் அழுதாள். நான் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினேன். என் வாய் அப்படி. அத்தான் ஒரே ஒரு தரம்தான் பதில் சொன்னார். "அங்கை அது மற்றவன்ரை கையிலை இருந்தது. எப்ப வெடிக்கும் எண்டு தெரியாது. இஞ்சை நான் இழுத்தால்தான் வெடிக்கும். அவ்வளவுதான்."

பிஸ்டலில்தான் தொடங்கினார். ஆனால் முதல் பத்து வருடம் துப்புரவு வேலை, அதன்பின் கிடங்கில் பெட்டி தூக்கல் என்று போன மணிக்கட்டுகள் அவருடையவை. பிஸ்டலை நீட்டிப் பிடித்தால் கை நடுங்கத் தொடங்கியது. அப்போதுதான் கழகத்தில் யாரோ கார்பைன் வாங்கச் சொன்னார்கள். பிஸ்டலில் போடும் அதே ரவையை, அதே குண்டைப் போடும் கட்டைத் துவக்கு அது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வெடி. அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும். தோளில் அணைத்துப் பிடிப்பதால் மணிக்கட்டில் பாரம் இல்லை, உதைப்பும் குறைவு. அத்தான் அரிசி அவிக்கும் குக்கர் வாங்கவே எட்டு மாதம் யோசித்த ஆள். இதற்கு எவ்வளவு யோசித்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? சனிக்கிழமை ட்வெய்ட்டாவில் பல் மருத்துவ நிலைய வேலை முடிந்து நான் வந்தால், என்னைப் பிடித்து இருத்திப் படங்களைக் காட்டுவார். ஒன்று பிளாஸ்டிக் உடல், பாரமில்லை, விலையும் பரவாயில்லை. ஆனால் அதற்கென்று ரவை நிரப்பும் மகசீன்கள் வேறு வாங்கவேண்டும். இன்னொன்று போட்டிக்காரர் வைத்திருப்பது, அழகென்றால் அழகு, விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். மூன்றாவது கழகத்தில் ஒருவர் விற்கவிருந்த பழையது. பெயின்ற் உரிந்து, பார்க்க வடிவில்லை. ஆனால் அத்தானின் பிஸ்டல் மகசீன்களையே அதில் போடலாம். தோளில் முட்டும் பகுதியையும் உள்ளே தள்ளிக் கட்டையாக்கலாம். மற்றவை எல்லாம் நெட்டைக் கை நோர்வேஜியருக்கு அளந்து செய்தவை என்பார். தன் அளவைக் கண்டுபிடிக்கத் தும்புத்தடியைத் தோளில் வைத்து, விசை வரவேண்டிய இடத்தில் பேனையால் கோடு போட்டு வைத்திருந்தார். அந்தத் தும்புத்தடியால் அக்கா கூட்டும்போதெல்லாம் நான் சிரித்து உருண்டிருக்கிறேன். "சிரி மச்சாள், சிரி. மலிவாயும் வேணும், என்ரை கைக்கும் பொருந்தவேணும். லேசோ?" என்பார்.

ஒருநாள் என்னையும் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிலத்துக்குக் கீழே நீளமான அறை. அந்தப் பழைய துவக்கைச் சுட்டுப்பார்க்க அன்று விட்டார்கள். முதல் வெடியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். வெளியே ஓடிவிடலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் அவருடைய காலைப் பார்த்தேன். ஆடவில்லை. முப்பது வருடமாக ஆடிய கால் தரையில் ஊன்றி நின்றது. அழுகை வந்தது எனக்கு. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வரும் வழியில் ரி-பான் ரயிலில் என் பக்கத்தில் இருந்தவரின் கால் மறுபடி ஆடிற்று. "அதையே வாங்குங்கோ அத்தான்" என்றேன். கழகத்தின் கடிதம், போட்டிகளுக்குப் போன பதிவு எல்லாவற்றையும் சேர்த்துப் பொலிஸ் அனுமதிக்கு விண்ணப்பித்தார். விற்கவிருந்தவரும் அனுமதி வரும்வரை வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்தார்.

இதற்கிடையில் எங்கள் ஆட்களின் வீடு ஒன்றில், எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்த பகல் நேரம் களவு போனது. தாலிக்கொடி முதற்கொண்டு நகை முழுவதும் போய்விட்டது. அக்கா தன் நகைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நேரே அலுமாரிக்கு வந்தாள். வீட்டில் அதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது? அத்தான் யோசித்துவிட்டுக் கீழ்த்தட்டைக் கொடுத்தார். நகை வைப்பது சட்டப்படி பிழையில்லை. ஆனால் அலுமாரியை அவர் ஒருவரைத் தவிர வேறு யாரும் திறக்கக்கூடாது. "நம்பர் என்னோடைதான் இருக்கும். கேளுங்கோ, எடுத்துத் தாறன்" என்றார். அக்கா ஓம் ஓம் என்று தலையாட்டினாள். ஒரு கிழமைக்குள் எண்ணைக் கண்டுபிடித்தும் விட்டாள். அவர்களின் கல்யாணத் திகதி! வேறென்னத்தை அந்த மனிதர் வைத்திருப்பார்? அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துத் திறப்பாள். என் சிவப்பு நகைப்பெட்டியையும் அப்படித்தான் உள்ளே வைத்தோம். சட்டம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வைத்தேன்.

அலுமாரியைப் பார்க்க வருவதாகப் பொலிஸ் முன்கூட்டியே கடிதம் போட்டது. வந்தது ஒரு பெண், ஓர் ஆண். சிரித்த முகம். அன்று நானும் அங்கே நின்றேன். அத்தான் உடுப்பு மாற்றித் தலை வாரிக் கலியாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். எண்ணை அழுத்தித் திறந்தார். பிஸ்டல் தன் இடத்தில், ரவைகள் பூட்டிய பெட்டியில், எல்லாம் ஒழுங்கு. கீழே நகைப்பெட்டிகள். "ஓ, தங்கமுமா? யாருடையது?" என்று அந்தப் பெண் சும்மா கேட்டாள். சும்மாதான் கேட்டாள் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது துவக்கும், பெட்டி பெட்டியாகத் தங்கமும், கறுத்த ஆட்களும்தான். அக்காவின் காதுக்குள் சொன்னேன்: "எங்கடை எண்டு சொல்லு. களவெடுத்தது எண்டு நினைக்கப் போகினம்."

அக்கா சொன்னாள். கொஞ்சமா சொன்னாள்? தெளிவான நோர்வேஜிய மொழியில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லாம் தன்னுடையதும் தன் தங்கச்சியுடையதும் என்றாள். தானே வைத்ததாகவும், கல்யாணங்களுக்குத் தானே திறந்து எடுப்பதாகவும், இவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது என்றும் சொன்னாள். புருசனைக் களவுப் பழியிலிருந்து காப்பாற்றிவிட்ட பெருமை அவள் முகத்தில். அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தான் எங்கள் இருவரையும் பார்த்தார்.

வேறு ஆள் திறந்த அலுமாரி என்று பிஸ்டலைப் பொலிஸ் கொண்டுபோனது. கார்பைன் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. சில காலம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். பழைய துவக்கை வேறு யாரோ வாங்கிக்கொண்டார். பழி முழுவதும் அக்காவின் தலையில். சொந்தக்காரர் எல்லாம் அவளைக் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். காதுக்குள் சொன்னது நான் என்று வாய் திறக்கவில்லை. அத்தான் ஏசவில்லை. அலுமாரியின் எண்ணை மட்டும் மாற்றினார், ஒருவருக்கும் சொல்லவில்லை. நகை வேண்டுமென்றால் அவரிடம் கேட்கவேண்டும். "கொஞ்சம் அங்காலை திரும்பு, மச்சாள்" என்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதுகுக்குப் பின்னால் எண்கள் கீக் கீக் என்று கேட்கும். பிறகு சிவப்புப் பெட்டியை என் கையில் தருவார். மேசையில் கோப்பைகள் முன்னையை விடக் கூடக் கிலுகிலுத்தன. எனக்கு இருப்புக்கொள்ளாது, எழும்பிப் போய்விடுவேன்.

போன மாரியில் ஒருநாள் காலை, வேலைக்குப் போக நின்ற பஸ் தரிப்பிடத்தில் அத்தானின் இதயம் நின்றுபோனது. எல்லாம் முடிந்தபிறகு அலுமாரியைத் திறக்க முயன்றோம். பிறந்த நாள், ஊர் விட்ட நாள், இங்கே வந்த நாள் என்று அக்கா அழுத்தாத எண் இல்லை. கடைசியில் பூட்டுத் திறப்பவர் ஒருவரைக் கூப்பிட்டோம். நேற்றுத்தான் வந்து திறந்துவிட்டுப் போனார்.

கீழ்த்தட்டில் நகைப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக, மூடி நசுங்குமளவுக்கு அடுக்கியிருந்தார். மேலே துவக்கு நிறுத்தி வைக்கும் பக்கம் அப்படியே வெறுமையாக இருந்தது. ஒரு காப்புக்கூட அங்கே வைக்கவில்லை. மூலையில் ஒரு கடித உறை, உள்ளே பாதி நிரப்பிய புதிய விண்ணப்பம். அக்கா அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். நான் என் சிவப்புப் பெட்டியை எடுக்கக் குனிந்தேன்.

"அண்டைக்கு நீ என்ரை காதுக்குள்ளை சொன்னது அவருக்குக் கேட்டதடி" என்றாள் அக்கா. "பொலிஸ் போன கையோடை எனக்குச் சொன்னவர். 'அவளுக்குச் சொல்லாதை. பிறகு இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டாள்' எண்டவர்."

பெட்டியை எடுக்காமலே கதவைச் சாத்தினேன். பூட்டில்லாத கதவு, கையை எடுத்ததும் மெல்லத் திறந்தது. திரும்பவும் சாத்தி, அந்தப் பொட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.